புது பேட்டரியைப் பழக்குவதா, சோதிப்பதா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் லேப்டாப் பேட்டரி வாங்கியவர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். "வீட்டுக்குப் போனதும் ஆஃப் பண்ணி வச்சு பன்னெண்டு மணி நேரம் சார்ஜ் போடுங்க சார். அப்புறம் ஜீரோ ஆகி அதுவா ஆஃப் ஆகுற வரைக்கும் ஓட்டுங்க. இதே மாதிரி மூணு வாட்டி. அப்பதான் பேட்டரி செட் ஆகும்." பில்லில் சீல் குத்திக்கொண்டே, நம் முகத்தைப் பார்க்காமலே கடைக்காரர் சொல்லி முடித்துவிடுவார்.

என்னுடைய திங்க்பேட் டி480-க்கு இரண்டு முறை, தங்கையின் எச்பி-க்கு ஒரு முறை என மூன்று தடவை இதைக் கேட்டாயிற்று. ஒரு தடவை அட்சரம் பிசகாமல் செய்தேன். ஒரு தடவை காதிலேயே வாங்கவில்லை. மூன்றாம் தடவைதான் என்ன செய்கிறோம், எதற்குச் செய்கிறோம் என்று புரிந்து செய்தேன். அந்த அனுபவத்தையும் நடுவில் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து, பேட்டரி மாற்றும்போது எதிரே வரும் மூன்று கேள்விகளை இங்கே அலசுகிறேன்: எதை வாங்குவது, முதல் வாரம் என்ன செய்வது, அதன்பின் எப்படி வைத்துக்கொள்வது.

எதை வாங்குவது

பேட்டரி நிற்கவில்லை என்றால் நான்கு வழி உண்டு. கம்பெனி ஒரிஜினல், வேறு யாரோ செய்த கம்பாட்டிபிள், பழைய பேட்டரி பேக்கைப் பிரித்து உள்ளே செல் மட்டும் மாற்றுவது, அல்லது பேட்டரியே வேண்டாம் என்று சார்ஜரில் மட்டும் ஓட்டுவது.

கடைசி வழியை முதலில் கழித்துவிடலாம். மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு அது போதும் என்று தோன்றும். ஆனால் கரண்ட் எப்போது போகும் என்று மின்வாரியத்துக்கே தெரியாத ஊரில் பேட்டரிதான் நமக்கு யு.பி.எஸ். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், அதன் பின்பக்கச் சுவிட்ச் 'யு.பி.எஸ்.' பக்கம் இல்லாமல் 'ஈகோ' பக்கம் இருந்தால், மாறுகிற அந்தக் கண்ணிமைப்பில் லேப்டாப் அணைந்துபோக வாய்ப்பு உண்டு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பேட்டரி இல்லையென்றால் சில மாடல்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய மேக்புக்குகளில் பேட்டரியைக் கழற்றினால் பிராசஸர் வேகம் குறையும் என்று ஆப்பிளே எழுதி வைத்திருந்தது. திடீரென்று அதிக மின்சாரம் தேவைப்படும் நொடியில் சார்ஜர் மட்டும் தாங்காது, பேட்டரியும் கைகொடுக்க வேண்டும் என்பதுதான் அதற்குக் காரணம்.

செல் மாற்றுவது கேட்க நன்றாக இருக்கும்: கூடு பழையது, உயிர் புதியது, செலவு பாதி. உள்ளே உருளை செல் இருக்கும் தடிமனான பழைய பேக்குகளில் இது நடக்கக்கூடிய காரியம்தான். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம்; அதனால்தான் அந்த செல்லுக்கு 18650 என்று பெயர். ஆனால் பேக்குக்குள் செல் மட்டும் இல்லை, கணக்கு எழுதும் ஒரு சின்ன போர்டும் இருக்கிறது. எத்தனை சுற்று (ஒரு முறை ஏறி இறங்குவது ஒரு சுற்று) ஓடியது, எவ்வளவு கொள்ளளவு மிச்சம், ஆபத்தாக ஏதாவது நடந்ததா என்றெல்லாம் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். செல்லைத் துண்டித்த கணத்தில் சில போர்டுகள் 'இது பழுது' என்று குறித்துக்கொண்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். அதை ரீசெட் செய்யத் தெரிந்தவர் வேண்டும். செல்களை நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும். சாலிடரிங் அயர்னை நேராக செல்லின் மேல் வைத்துச் சூடேற்றுகிறவரிடம் கொடுக்கவே கூடாது. செல்கள் எல்லாம் ஒரே கொள்ளளவில், ஒரே வோல்ட்டேஜில் இருக்கவும் வேண்டும். இத்தனையும் பார்த்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வேறு எங்கும் பேட்டரி கிடைக்காத மாடலுக்கு மட்டுமே நான் அங்கே போவேன். இப்போதைய மெல்லிய லேப்டாப்புகளில் இருக்கும் பை வடிவ, தட்டை செல்லுக்கு இந்த யோசனையே வேண்டாம்.

மிச்சம் இருப்பது ஒரிஜினலா, கம்பாட்டிபிளா என்ற கேள்வி. விலையில் இரண்டு மடங்கு, சில மாடலில் அதற்கும் மேல் வித்தியாசம் வரும். கம்பாட்டிபிள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். தங்கையின் எச்பி-க்குப் போட்டது கம்பாட்டிபிள்தான், ஒழுங்காக ஓடுகிறது. ஒரிஜினல் என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்பதும் கிடையாது. 2006-ல் சோனி தயாரித்த செல்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் புகுந்துவிட்டதால், டெல் 41 லட்சம் பேட்டரிகளையும் ஆப்பிள் 18 லட்சம் பேட்டரிகளையும் திரும்பப் பெற வேண்டி வந்தது. இப்போது லேப்டாப்புகளில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரியை 1991-ல் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்ததே சோனிதான். அவர்களுக்கே தூசால் சறுக்கியது என்றால், பெயரில்லாத பட்டறையில் சுற்றிய செல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கம்பாட்டிபிள் வாங்கும்போது பார்க்க வேண்டியது லேபிளின் பளபளப்பை அல்ல, அதிலுள்ள கணக்கை. 18650 செல்லில் நல்ல கம்பெனிகள் செய்யும் உச்சமே சுமார் 3500 மில்லிஆம்பியர் மணிதான். ஆறு செல் பேக்கில் மூன்று மூன்றாக இரண்டு வரிசை இருக்கும், அப்படியென்றால் 10.8 வோல்ட்டில் 7000-ஐத் தாண்ட வழியே இல்லை. ஆறு செல் என்று சொல்லிவிட்டு 7800 என்று அச்சடித்திருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். ஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கினால் வருவது வாட்-மணி; ஒரு செல்லில் அதிகபட்சம் பன்னிரண்டரை வாட்-மணி. ஆறு செல்லில் 75 வாட்-மணி. 72 என்று எழுதிய ஆறு செல் பேக் உண்மையானால், உள்ளே இருப்பது உயர்ந்த ரகச் செல்லாக இருந்தாக வேண்டும். அந்த விலைக்கு அது வருமா என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் விற்கும் இந்த வகை பேட்டரிகளுக்கு ஐ.எஸ். 16046 தரப்படி பதிவு கட்டாயம். லேபிளில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டினால் யாருடைய பதிவு என்று காட்டும். கடை வாசலில் நின்றபடியே செய்துவிடலாம், ஒரு நிமிட வேலை. தயாரித்த மாதமும் முக்கியம். பேட்டரி அலமாரியில் சும்மா இருந்தாலும் வயதாகும். அதனால்தான் 'மாடல் நின்றுவிடும், ஸ்பேர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்' என்ற யோசனைக்கு நான் தலையாட்டுவதில்லை. மூன்று வருஷம் பீரோவில் தூங்கிய பேட்டரி புதுசு கிடையாது, பிரிக்காத பழசு.

மூன்று முறை ஏற்றி இறக்குவது எங்கிருந்து வந்தது

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் காலத்தில் அது உண்மையாக இருந்தது. கார்ட்லெஸ் போனிலும் பழைய லேப்டாப்பிலும் இருந்த நிக்கல் பேட்டரிகள் மெதுவாக நிரம்பும். முதல் தடவை நீண்ட நேரம் சார்ஜ் போட்டு, சில சுற்று ஓடிய பிறகுதான் முழு பலத்துக்கு வரும். அரைகுறையாக இறக்கி இறக்கி ஏற்றினால் நிக்கல்-காட்மியத்துக்கு 'மெமரி' பிடிக்கும், அந்த அரைகுறை அளவுக்கே பழகிவிடும். பேட்டரியின் ரசாயனம் மாறி எவ்வளவோ காலம் ஆகிறது. கவுண்டரில் சொல்லும் மந்திரம் மட்டும் மாறவில்லை.

லித்தியம் அயானில் 'பழக்கும்' வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. செல்லை மூடியதும் மிக மெதுவாக முதல் சார்ஜ் ஏற்றுவார்கள். அப்போது உள்ளே கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் படியும். பாலின் மேல் ஏடு படிவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஏடு சரியாகப் படிந்தால்தான் செல் நீடிக்கும். அதற்காக நாள்கணக்கில் வைத்துச் சோதித்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள். நம் வீட்டில் மூன்று முறை ஏற்றி இறக்குவதால் அதில் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

பன்னிரண்டு மணி நேர சார்ஜும் அப்படித்தான். ஒரு செல் 4.2 வோல்ட்டை எட்டி, உள்ளே போகும் மின்னோட்டம் சுண்டிப்போனதும் சார்ஜிங் நின்றுவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேர வேலை. மிச்ச ஒன்பது மணி நேரம் பேட்டரி வெறுமனே நிரம்பிக் கிடக்கிறது.

அப்படியானால் முதல் வாரத்துக்கு மூன்று வழிகள்: கடைக்காரர் சொன்ன மூன்று சுற்று, ஒன்றுமே செய்யாமல் மாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பது, ஒரே ஒரு முறை முழுதாக ஏற்றி இறக்கி ஏற்றுவது.

மூன்று சுற்றால் கெடுதல் ஏதும் இல்லை, நேரம்தான் வீண். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் பேட்டரிக்குக் கேடு இல்லை. ஆனால் அந்தச் சின்ன போர்டு இருக்கிறதே, அதற்குத் தன் செல்களைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியாது. லேபிளில் உள்ள எண்ணை நம்பி 'முழுசு' என்று எழுதி வைத்திருக்கும். அது உண்மையை அளந்து தெரிந்துகொள்ள ஒரு முழு ஏற்றமும் ஒரு முழு இறக்கமும் வேண்டும். இரண்டு முனையிலும் கொஞ்சம் ஓய்வும் வேண்டும். இந்த ஓய்வை யாரும் சொல்வதில்லை. நிரம்பிய பிறகு ஓரிரண்டு மணி நேரமும், காலியான பிறகு நாலைந்து மணி நேரமும் சும்மா விட்டால், செல்லின் வோல்ட்டேஜ் அடங்கி நிலைக்கு வரும். அப்போதுதான் போர்டு தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். ஆக, பழக வேண்டியது பேட்டரி கிடையாது, மீட்டர்.

நான் மூன்றாவது வழிக்காரன். அதற்கு மீட்டரைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

ஐந்தாம் நாள் தெரிந்த உண்மை

டி480 என்பது 2018-ல் வந்த லெனோவோ. உள்ளே 24 வாட்-மணியில் ஒரு பேட்டரி, பின்பக்கம் கழற்றி மாட்டும் பேட்டரி ஒன்று. பின்பக்கத்துக்கு 24, 48, 72 என்று மூன்று அளவு உண்டு. அலுவலகத்தில் ஓடிக் கழிந்ததை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பின்பக்கத்து 48 ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. பெரியதாகவே போடலாம் என்று ஆசைப்பட்டு, 72 என்று எழுதியிருந்த கம்பாட்டிபிள் ஒன்றை ஒரு கடையில் வாங்கினேன். ஏழு நாள் ரீப்ளேஸ்மென்ட், ஆறு மாதம் வாரண்டி.

மாட்டியதும் விண்டோஸிடம் அறிக்கை கேட்டேன். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து எழுதி என்டர் அடித்தால், ஒரு கோப்பு உருவாகும். விண்டோஸ் 8-லிருந்தே இந்த வசதி உண்டு. அதில் டிசைன் கெப்பாசிட்டி (லேபிள் சொல்லும் கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது கொள்ளும் அளவு), சைக்கிள் கவுண்ட் (சுற்று எண்ணிக்கை) என மூன்று வரிகள் போதும். என் புது பேட்டரியில் டிசைன் 72,000 மில்லிவாட்-மணி, அதாவது 72 வாட்-மணி. ஃபுல் சார்ஜும் 72,000. சுற்று பூஜ்யம். உச்சி குளிர்ந்துபோனேன். இரண்டு எண்ணும் கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அளந்த எண் அவ்வளவு அழகாக ஒத்துப்போகாது. அது யாரோ எழுதி வைத்த எண்.

சனிக்கிழமை முழு சார்ஜ் ஏற்றி, இரண்டு மணி நேரம் அப்படியே விட்டு, சார்ஜரைப் பிடுங்கி, திரை வெளிச்சத்தைப் பாதியாக்கி, ஒரு நீளமான பாட வீடியோவை ஓடவிட்டேன். டி480-ல் பின்பக்க பேட்டரிதான் முதலில் இறங்கும். கைக்கு எட்டும் இடத்தில் கடிகாரம். மணிக்கு எட்டு வாட்-மணி செலவானாலும் ஒன்பது மணி நேரம் வர வேண்டும். மூன்று மணி நேரம் ஓடியிருக்கும். மீட்டர் அறுபதுக்கு மேலே காட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று பின்பக்க பேட்டரி பூஜ்யமாகி உள் பேட்டரி இறங்கத் தொடங்கியது. இரவு முழுக்க ஓய்வு கொடுத்து, காலையில் மறுபடி முழுதாக ஏற்றி அறிக்கை எடுத்தால், ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 27,000-க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி ஒரு மாதிரி பார்த்துவிட்டு, துவரம்பருப்புப் பொட்டலத்தை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் தராசில் வைத்தார். 212 கிராம். செத்துப்போன பழைய 48 முந்நூறைத் தாண்டியது. நல்ல 18650 செல் ஒன்று ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். ஆறு செல்லே 270 கிராம் ஆயிற்று, கூடும் போர்டும் வேறு. என்னுடையதில் மூன்று செல்லுக்கு மேல் இருக்க வாய்ப்பே இல்லை. "என்ன தம்பி, எடை குறையுதா?" என்று கேட்டார் அண்ணாச்சி. வியாபாரிக்கு உடனே புரிந்துவிட்டது.

ஐந்தாம் நாள் கடைக்குத் திரும்பினேன். இரண்டு அறிக்கையையும் காட்டியதும் சண்டை எதுவும் இல்லை. இதே ரகத்தில் இன்னொன்று தருகிறேன் என்றார். வேண்டாம், மேலே பணம் கட்டுகிறேன், ஒரிஜினல் கொடுங்கள் என்று 48-ஐ வாங்கி வந்தேன். அதுவும் முதல் வாரம் அதே சோதனைக்குப் போனது. டிசைனைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டியது. நல்ல புது பேட்டரி பெரும்பாலும் அப்படித்தான் காட்டும்.

முதல் வாரத்துச் சுற்று எதற்கு என்றால் இதற்குத்தான். ரீப்ளேஸ்மென்ட் நாள் முடிவதற்குள் லேபிளில் எழுதியது மெய்யா என்று தெரிந்துகொள்ள. ஒன்றும் செய்யாமல் வேலையைப் பார்ப்பவர் மூன்று மாதம் கழித்து 'பேட்டரி சீக்கிரம் போயிடுச்சு' என்று நினைப்பார். அது போகவே இல்லை, வரும்போதே இல்லை.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்கலாம். தனியாக விமானத்தில் வரும் லித்தியம் அயான் பேட்டரியில் 30 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்பது 2016-லிருந்து இருக்கும் விதி. ஆகவே புது பேட்டரி மாட்டியதும் கொஞ்சம் சார்ஜ் காட்ட வேண்டும். சுத்தமாகப் பூஜ்யம் என்றால் அது ரொம்ப நாள் எங்கோ கிடந்த சரக்கு. அதை அங்கேயே மாற்றிக் கேட்பது நல்லது.

உள்ளே இருக்கும் பேட்டரியை நாமே மாற்றுவதாக இருந்தால் ஒரு வார்த்தை: கழற்றுவதற்கு முன் பழையதைக் கால்வாசிக்குக் கீழே இறக்கிவிடுங்கள். திங்க்பேடில் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய் உள் பேட்டரியை முடக்கிவைக்க ஒரு வழி உண்டு, அதைச் செய்துவிட்டுத் திறங்கள். ஒட்டியிருக்கும் தட்டை பேட்டரியைக் கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ நெம்ப வேண்டாம். பழைய பிளாஸ்டிக் அட்டை போதும்.

அதன்பின் எப்படி வைத்துக்கொள்வது

இங்கேதான் வீட்டுக்கு வீடு ஒரு சட்டம். எங்கள் வீட்டில் தங்கை எப்போதும் சார்ஜரிலேயே வைப்பாள். நண்பர் ஒருவர் எண்பது ஆனதும் சார்ஜரைப் பிடுங்கி, இருபதுக்கு வந்ததும் சொருகுவார்; அதற்காக மீட்டிங் நடுவில் எழுந்து போனதைப் பார்த்திருக்கிறேன். அப்பா தன் பழைய டெல்லில் பேட்டரியைக் கழற்றி, துணி சுற்றி, அலமாரியில் வைத்திருந்தார். நான் எண்பதில் நிறுத்திவைக்கிறேன்.

யார் சொல்வது சரி என்று பார்க்க, லித்தியம் அயான் எதனால் சாகிறது என்று தெரிய வேண்டும். ஏறி இறங்குவது ஒரு காரணம்தான். சும்மா இருக்கும்போதே நடக்கும் தேய்மானம் அதைவிடப் பெரிய எதிரி. வெப்பமும் முழு சார்ஜும் கூட்டுச் சேர்ந்தால் அது பல மடங்காகும். கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் 'பேட்டரி யூனிவர்சிட்டி' தளத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பேட்டரியை 40 விழுக்காடு சார்ஜில், 25 டிகிரியில் ஒரு வருஷம் வைத்தால் கொள்ளளவில் 96 விழுக்காடு மிஞ்சும். அதையே முழு சார்ஜில் வைத்தால் 80. வெப்பம் 40 டிகிரி என்றால் 40 சார்ஜில் வைத்தது 85-க்கு வரும்; முழு சார்ஜில் வைத்தது 65-க்கு வரும். மே மாதம் சென்னையில் ஃபேன் மட்டும் ஓடும் அறையில், மெத்தையின் மேல் வைத்த லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். 40 டிகிரி நமக்குக் கற்பனை எண் இல்லை.

என் டி480-ன் உள் பேட்டரியே இதற்குச் சாட்சி. வாங்கும்போது அதன் சுற்று எண்ணிக்கை 70-ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் 24 வாட்-மணியில் 14 தான் மிச்சம். யாரும் அதை உபயோகித்து அழிக்கவில்லை. அலுவலக மேசையில் டாக்கில் (சார்ஜும் கொடுக்கும் இணைப்புப் பெட்டி) சொருகி, வருஷக்கணக்கில் நூறிலேயே நிறுத்தி, சூட்டில் வேகவைத்திருக்கிறார்கள்.

அதனால் தங்கையின் வழிதான் நான்கிலும் மோசம், ஆனால் அதுதான் வசதியானது. வசதியை விடாமல் கேட்டைத் தவிர்க்கத்தான் எண்பது விழுக்காட்டு வரம்பு. சார்ஜர் சொருகியே இருக்கும், பேட்டரி மட்டும் எண்பதில் நின்றுவிடும், லேப்டாப் சார்ஜரில் ஓடும். செல்லின் உச்ச வோல்ட்டேஜை 4.2-லிருந்து 4.1-ஆகக் குறைத்தாலே ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது அதே தளத்தின் கணக்கு. எண்பது என்பது அதற்கும் கீழே. திங்க்பேட்டில் லெனோவோ வேன்டேஜ் செயலிக்குள் எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று இரண்டு எண்ணும் கொடுக்கலாம். நான் 75, 80 என்று வைத்திருக்கிறேன். ஐடியாபேடில் 'கன்சர்வேஷன் மோட்' என்று இருக்கும். ஆசுஸில் மைஆசுஸ் செயலி, ஏசரில் கேர் சென்டர். டெல்லிலும் எச்பி-யின் பல மாடல்களிலும் பயாஸுக்குள் இருக்கும். எச்பி-யில் 'பேட்டரி ஹெல்த் மேனேஜர்' என்று தேடுங்கள். டெல்லில் 'பிரைமரிலி ஏசி யூஸ்' என்பதுதான் வீட்டிலேயே இருப்பவர்களுக்கானது. வெளியூர் போகும் முதல் நாள் இரவு மட்டும் வரம்பை எடுத்துவிட்டு நூறுக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஒரு நாள் நூறில் இருப்பதால் எதுவும் குடிமுழுகிவிடாது.

நண்பரின் இருபது-எண்பது விரதத்தில் தத்துவம் தப்பில்லை. ஆனால் சார்ஜர் பக்கத்திலேயே இருக்கும்போது வேண்டுமென்றே பேட்டரியில் ஓட்டுவது, நடக்க வேண்டாத சுற்றை நடத்துவது. வரம்பு வசதி இல்லாத லேப்டாப் வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் அப்படிச் செய்யலாம், அதுவும் மணி பார்க்காமல், மனம்போல.

அப்பாவின் வழிக்கு வருகிறேன். கழற்றி வைப்பது வெப்பத்திலிருந்து காப்பாற்றும் என்பது உண்மைதான். ஆனால் அவர் நூறில் கழற்றி வைத்திருந்தார். மாதக்கணக்கில் வைப்பதானால் பாதி சார்ஜில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரேயடியாகக் காலியானால் போர்டு மறுபடி சார்ஜ் ஏற்றவே மறுக்கலாம். ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்பவர்களும் உண்டு. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு, வெளியே எடுத்ததும் வியர்த்து ஊற்றும். வீட்டில் குளிர்ச்சியான ஓர் அலமாரி போதும். கார் டேஷ்போர்டு மட்டும் கூடவே கூடாது.

வரம்பு போட்டவர்களுக்கு ஒரு சின்ன வேலை பாக்கி. எப்போதும் எண்பதுக்குள்ளேயே இருந்தால் மீட்டர் மெல்ல மெல்லக் கணக்கு தப்பும். முப்பது காட்டும்போதே அணைந்துவிடுகிறது என்ற புலம்பல் பெரும்பாலும் இதனால் வருவதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதல் வாரத்தில் செய்ததை இன்னொரு தடவை செய்தால் போதும். வேன்டேஜில் 'பேட்டரி காஜ் ரீசெட்' என்று ஒரு பொத்தானே இருக்கிறது. ராத்திரி தட்டிவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். வாராவாரம் செய்யாதீர்கள். அடிமட்டம்வரை இறக்குவது மீட்டருக்கு மருந்து, பேட்டரிக்கு உழைப்பு.

வீங்கினால்

இதில் ஒப்பீடு ஒன்றும் இல்லை. தங்கை ஒரு நாள் "டச்பேட் க்ளிக் ஆக மாட்டேங்குதுண்ணா" என்று கொண்டுவந்தாள். மேசையில் வைத்தால் லேப்டாப் லேசாக ஆடியது. ஒரு மூலை மேசையைத் தொடவில்லை. திறந்தால், எச்பி-யின் தட்டை பேட்டரி அப்பளம் பொரிந்ததுபோல் உப்பிக் கிடந்தது. உள்ளே வாயு சேர்ந்துவிட்டால் திரும்பி வராது. ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றும் யூடியூப் வீரர்களை நம்பினால் தீதான் மிஞ்சும். சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, அழுத்தம் கொடுக்காமல் கழற்றி, அன்றைக்கே வீட்டிலிருந்து வெளியேற்றுவதுதான் ஒரே வழி.

எங்கே வெளியேற்றுவது? காலை வரும் குப்பை வண்டியில் போட்டால், லாரியின் அமுக்கத்தில் நசுங்கித் தீப்பிடிக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்திருக்கின்றன. மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்கும் பொறுப்பு நமக்கு. புதியதை வாங்கும் சர்வீஸ் சென்டரிலேயே பழையதைக் கொடுத்துவிடுவது சுலபம். எடுத்துப்போகும் முன் முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, சாவிக்கொத்தோ சில்லறையோ இல்லாத தனிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தங்கையின் அப்பளத்தை நான் ஒரு பழைய மண்தொட்டியில் மணல் பரப்பி வைத்து, ஸ்கூட்டரின் கால் வைக்கும் பலகையில் ஏற்றிக்கொண்டு போனேன். சிக்னலில் பக்கத்தில் நின்றவர் என்ன செடி என்று கேட்டார்.